கடினமான எஃகு ஏன் முறிகிறது? – கேள்வி பதில்

மன்னார்குடி, அறுவடை இயந்திர உரிமையாளர்: ஐயா, ஒரே நிக்கல்–குரோமியம் எஃகில் இரண்டு தண்டுகள் செய்து வாங்கினேன். கடினத்தன்மை இரண்டுக்கும் ஒன்றே. ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, மற்றொன்று வரப்பில் ஏறி இறங்கியதும் முறிந்துவிட்டது. முறிந்த முகம் உடைத்த கற்கண்டு போல மினுங்குகிறது.

அந்த மினுமினுப்பிலேயே பாதி பதில் இருக்கிறது. கடினமானி மேலே ஒரு சிறு குழி போட்டுப் பார்க்கும். விரிசல் எந்த வழியாக ஓடும் என்பதைச் சொல்லாது. எஃகு நுண்ணிய படிக மணிகள் ஒட்டி அமைந்தது. உங்கள் தண்டில் விரிசல் அந்த மணிகளைப் பிளக்கவில்லை, மணிகளின் எல்லை வழியாகவே ஓடியிருக்கிறது. டெம்பரிங் (தோய்த்துக் கடினமாக்கிய எஃகை மீண்டும் அளவாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது) முடிந்தபின் ஏறக்குறைய 575 முதல் 375 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடைவெளியை எஃகு மெதுவாகக் கடந்தால், அதிலுள்ள பாஸ்பரஸ், தகரம் போன்ற கசடுகள் அந்த எல்லைகளில் ஒதுங்கிப் பிடிப்பைக் கெடுக்கும். கடினத்தன்மையோ மாறாது. உலையை அணைத்துவிட்டு, தண்டை உள்ளேயே விட்டு வீட்டுக்குப் போனார்களா என்று பட்டறையில் கேளுங்கள். காரணம் அதுவானால், அதே முறையில் செய்த மற்றத் தண்டுகளை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி வேகமாக ஆறவைத்தால் குறை நீங்கும். அடுத்த முறை 0.3 சதவீத அளவுக்கு மாலிப்டினம் கலந்த ஈ.என். 24 என்ற நிக்கல்–குரோமியம் எஃகு ரகத்தை வாங்குங்கள், இந்த நோய் அதை எளிதில் பிடிக்காது.

கும்பகோணம், கொல்லுப்பட்டறைக்காரர்: லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளின் வாய் பெயர்ந்து விழுகிறது.

பட்டையைக் குறை சொல்லாதீர்கள், சூடு மிஞ்சியிருக்கிறது. மஞ்சள் நிறம் வரை காய்ச்சினால் மணிகள் பருத்துவிடும். அதன்பின் எண்ணெயில் தோய்த்தால், தோய்ப்பில் உருவாகும் கடினமான, எளிதில் நொறுங்கும் அமைப்பான மார்டென்சைட்டும் பருமனாகவே அமையும். அடித்து முடித்ததும், காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சிக் காற்றில் ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் தோய்த்து, உடனே டெம்பரிங் செய்யுங்கள்.

தஞ்சாவூர், பொறியியல் மாணவி: வலிமை கூடினால் தாங்குதிறன் (விரிசல் ஓடி முறியாமல் நிற்கும் திறன்) குறையும் என்கிறார்கள். விதிவிலக்கு உண்டா?

உண்டு, மணிகளை நுணுக்குவது. மணி நுணுகினால் வலிமை கூடும் என்பதை ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் என இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள்; அது வலிமைப் பக்கம். எல்லைகள் நெருங்க நெருங்க விரிசலும் அடிக்கடி திசை மாற வேண்டியிருப்பதால் தாங்குதிறனும் கூடுகிறது. வனேடியம், நியோபியம் சிறிதளவு சேர்ப்பது மணி வளராமல் தடுக்கத்தான்.

திருவாரூர், வெல்டர்: முறிந்த ஈ.என். 24 தண்டை வயலிலேயே ஒட்டவைக்கலாமா?

வேண்டாம். ஈரம் உறிஞ்சிய வெல்டிங் ராடு ஹைட்ரஜனை எஃகுக்குள் விடும். வெல்டிங் பற்றுக்கு அருகில் உருவாகும் டெம்பரிங் காணாத மார்டென்சைட் சில மணி நேரம் கழித்துக்கூட விரியும்.