பழைய செம்பு வயரை விற்கவா, வைத்திருக்கவா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஊரில் வயரிங் வேலை செய்கிறேன். பழைய வீடுகளில் கழற்றிய வயரை உரித்துச் சேர்த்ததில் ஏறக்குறைய 200 கிலோ செம்பு கொட்டகையில் கிடக்கிறது. பழைய இரும்புக் கடையில் மாதத்துக்கு ஒரு விலை சொல்கிறார்கள், ஏன்? இன்னும் ஏறும், விற்காதே என்கிறான் நண்பன். போனில் செம்பு வாங்கி விற்கும் ஒரு ஆப்பில் 15,000 ரிங்கிட் போடவும் சொல்கிறான். போடலாமா?

பதில்: தம்பி, ஆப்பில் போடாதீர்கள். காரணத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் விலை.

கடைக்காரர் அதை இஷ்டத்துக்குச் சொல்வதில்லை. லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் செம்பு இத்தனை டாலர் என்று விலை நிற்கிறது, அதை ரிங்கிட்டாக்கி, லாரிச் செலவு, உருக்கும் கூலி, தன் லாபம் எல்லாம் கழித்ததுதான் உங்கள் கைக்கு வருகிறது. அதனால் லண்டனில் ஒன்றும் அசையாமலே இங்கே விலை இறங்கும். டன் 10,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 4.80 ரிங்கிட் என்றால் கிலோ 48, 4.20 என்றால் 42. 2024இல் பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவே ரிங்கிட் அந்த அளவுக்கு மேலேயே வலுத்தது.

சரி, லண்டன் விலை ஏன் ஆடுகிறது? உலகச் செம்பில் பாதிக்கு மேல் சீனாவுக்குப் போகிறது, அங்கே கட்டுமானம் சுணங்கினால் விலையும் சுணங்கும். 2008 நடுவில் 8,000 டாலருக்கு மேல் இருந்தது, நிதி நெருக்கடி வந்ததும் அந்த ஆண்டு முடிவதற்குள் 3,000க்கும் கீழே போய்விட்டது. ஏறுவதற்கும் காரணம் உண்டு. புதுச் சுரங்கம் ஒன்று செம்பு தர பத்து ஆண்டுக்கு மேல் ஆகும், ஆகவே இருக்கும் சுரங்கத்தில் ஏதாவது நடந்தால் ஈடுகட்ட வழியில்லை: 2017இல் சிலியின் எஸ்கோண்டிடாவில் 40 நாளுக்கு மேல் வேலைநிறுத்தம், 2023 கடைசியில் பனாமாவின் பெரிய சுரங்கம் நீதிமன்றத் தீர்ப்பால் மூடல், 2025 செப்டம்பரில் பக்கத்து இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க்கில் சேறு புகுந்து உயிர்ப்பலி. இதற்கு மேல் அரசாங்கங்கள் வேறு. 2025 ஜூலையில் அமெரிக்கா செம்புக்கு 50 சதவீத வரி என்றது, மாதக் கடைசியில் சுத்திகரித்த செம்புக்கு விலக்கு தந்தது, வரியை எதிர்பார்த்து ஏறியிருந்த நியூயார்க் சந்தை விலை ஒரே நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. இதையெல்லாம் முன்கூட்டியே உங்கள் நண்பரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் நண்பர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நீங்கள் செம்பு விற்பவர் மட்டுமில்லை, மாதாமாதம் புது கேபிள் வாங்குபவர். செம்பு ஏறினால் கேபிள் விலையும் ஏறும், பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட வேலையில் கை கடிக்கும், அதே நேரம் கொட்டகையில் இருப்பதன் மதிப்பு கூடியிருக்கும். அதனால் பாதியை இப்போதே விற்றுவிடுங்கள், மீதியைக் கேபிள் விலை ஏறும் மாதத்துக்கு வைத்திருங்கள். கிரெடிட் கார்டு கடன் இருந்தால் மட்டும் முழுவதையும் விற்று அதை அடையுங்கள், அந்த வட்டியை எந்தச் செம்பும் முந்தாது. வயரை எரித்து எடுக்க வேண்டாம், எரித்த செம்புக்கு விலை குறைவு, திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றமும்கூட.

ஆப்புக்கு வருகிறேன். இவற்றில் பல, நீங்கள் போடும் பணத்தைப்போல் பத்து மடங்குக்கு வாங்க விடும். அப்படி வாங்கினால் செம்பு 10 சதவீதம் இறங்கினாலே 15,000மும் போச்சு. அதுவும் நம் நாட்டு முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமம் இல்லாத ஆப்பாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க ஆளே இருக்காது, கமிஷனின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தத் தொழில் செய்கிற உங்களுக்காக ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) பணம் கட்ட முதலாளி இல்லை, ஆகவே அந்த 15,000இல் ஒரு பகுதியை நீங்களே ஈபிஎப்பில் கட்டுங்கள். 2024க்கு 6.3 சதவீதம் லாப ஈவு கொடுத்தார்கள். பெரும்பகுதியை 55 வயதுவரை எடுக்க முடியாது, அதனால் ஆறு மாதச் செலவுக்கானதை வங்கியில் விட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அப்புறம், இனி கொடுக்கும் ஒவ்வொரு கொட்டேஷனிலும் ‘கேபிள் விலை 14 நாளுக்கு மட்டும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.