ஆல்ஃபா, டெல்டா இரண்டுக்கும் ஒரே இடமா?

டி செல் (T) எனும் நோயெதிர்ப்பு வெள்ளணுவின் மேற்பரப்பில் உள்ள புரதமான டி செல் ஏற்பியின் ஆல்ஃபா, டெல்டா மரபணுக்களுக்கு ஒரே இடம் குறிக்கப்பட்டிருப்பது அச்சுப்பிழையா என்றும், நீங்கள் நகலெடுத்த அட்டவணையில் அதே ஏற்பியின் பீட்டா மரபணு ஏன் 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலாவது அச்சுப்பிழை அல்ல. மனிதரில் இரண்டும் 14ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், 11.2 என்று எண்ணிட்ட பகுதியில்தான் (பட்டையில்) உள்ளன. இந்த மரபணுக்கள் வி (V), டி (D), ஜே (J), சி (C) என்று பெயரிட்ட துண்டுகளால் ஆனவை; டெல்டாவின் டி, ஜே, சி துண்டுகள் ஆல்ஃபாவின் வி துண்டுகளுக்கும் ஜே துண்டுகளுக்கும் நடுவே பொதிந்திருக்கின்றன.

நாகர்கோவிலில் மாணவர்களுக்கு இதை நடத்தும்போது, நீளமான காகிதப் பட்டையில் அந்த வரிசையை எழுதி, ஆல்ஃபாவின் ஒரு வி துண்டையும் ஒரு ஜே துண்டையும் சேர்த்துப் பிடித்து, மடிந்து தொங்கும் இடைப்பகுதியை வெட்டச் சொல்வேன். கீழே விழும் காகிதத்தில் டெல்டாவின் டி, ஜே, சி மூன்றும் இருக்கும். ஆல்ஃபா மறுசீரமைப்பு, அதாவது வி, ஜே துண்டுகள் இப்படிச் சேர்ந்து இடைப்பகுதி வெட்டப்படுவது, நடந்த குரோமோசோமில் டெல்டா இழக்கப்படுவது இப்படித்தான். எத்தனை முறை காட்டினாலும் வியப்பூட்டும் அமைப்பு இது.

மார்த்தாண்டத்தில் நீங்கள் நகலெடுத்த அட்டவணையில் பீட்டா 6ஆம் குரோமோசோமில் இருப்பதற்குக் காரணம், அது பெரும்பாலும் சுண்டெலிக்கான அட்டவணையாக இருப்பதே. ஏற்பியின் நான்காவது மரபணுவான காமாவின் வரியைப் பாருங்கள்: 13 என்றிருந்தால் அது சுண்டெலிதான். மனிதரில் பீட்டா 7ஆம் குரோமோசோமின் நீண்ட கையிலும், காமா அதன் குறுகிய கையிலும் உள்ளன.

சுண்டெலியிலும் ஆல்ஃபாவும் டெல்டாவும் 14ஆம் குரோமோசோமிலேயே இருப்பதால், அந்த வரியை மட்டும் வைத்து உயிரினத்தை முடிவு செய்துவிடாதீர்கள்.