தனிநபர் வருமானம் கூடினாலே மக்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. அது வெறும் சராசரி. வீட்டுக்குள் அடுப்பெரிகிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் 1990-இல் ஆயுளையும் கல்வியையும் சேர்த்து மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்தார். அதுவும் நாட்டுச் சராசரிதான்.

2010-இல் வந்த பல்பரிமாண வறுமைக் குறியீடு வீட்டு வாசலுக்கே போகிறது. மொத்தம் 10 அம்சங்கள். தண்ணீர் எடுத்துவரப் போய்வர அரைமணி ஆகிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள். விறகடுப்பு, மண்தரை, கழிப்பறை இல்லாமை ஒவ்வொன்றுக்கும் குறைமதிப்பெண் 1/18. வீட்டில் ஒருவர்கூட ஆறாண்டு படிக்கவில்லையென்றால் 1/6. கூட்டினால் 1/3 வருகிறதல்லவா? 1/3-ஐத் தொட்டாலே அந்தக் குடும்பம் ஏழை. கையில் நாலு காசு புழங்கினாலும் கணக்கு மாறாது.

எனக்கு ஒரு குறை: வேலை நிலையானதா, பெண்கள் பயமின்றி நடமாட முடிகிறதா என்பதெல்லாம் இந்தப் பத்தில் இல்லை.