மாடு செத்ததுக்கு நான் வச்ச சூனியம்தான் காரணம்னு ஊர்ல சொல்றாங்க, இல்லன்னு கோயில்ல சத்தியம் பண்ண கூப்பிட்டா போகணுமா?

போகாதீங்க. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டா சூனியப் பேச்சை நீங்களே ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், நாளைக்கு இன்னொரு மாடு செத்தாலும் உங்க வாசலுக்குத்தான் வருவாங்க.

பென்னாகரம் பக்கம் ஜெபத்துக்குப் போறதால ஏற்கனவே தண்ணிகூட பிடிக்க விடலன்னு எழுதியிருக்கீங்க, அதுல சாகப்போகுதுன்னு நீங்க கனவு கண்டு சொன்ன மாடும் செத்துடுச்சு, அத பிடிச்சுக்கிட்டாங்க. மழையில்லாம வாடின இளஞ்சோளப் பயிர்ல விஷம் இருக்கும், மேஞ்சா மாடு கொஞ்ச நேரத்துலயே விழுந்துடும். எங்க மேஞ்சுதுன்னு நம்பிக்கையான ஆள வச்சு விசாரிங்க, கால்நடை டாக்டர் பாத்தாரான்னும் கேளுங்க.

கனவு பொய்னு நான் சொல்லல. ஆனா இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஜெப வீட்லயும்தான்.

மிரட்டினவங்க பேரு, தேதி, பேசின வார்த்தை எல்லாம் எழுதி ஸ்டேஷன்ல மனு குடுத்து சிஎஸ்ஆர் ரசீது (மனு வாங்கினதுக்கு ஸ்டேஷன்ல தர்ற சீட்டு) வாங்கிடுங்க. எடுக்கலன்னா தர்மபுரி எஸ்பி ஆபீஸ், இல்ல திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். இலவச வக்கீலுக்கு 15100 நம்பருக்கு போன் பண்ணுங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்க மாட்டாங்க.

ஒண்ணு கவனம், சூனியக்காரின்னு பட்டம் கட்டுறதுக்கு எதிரா கர்நாடகால 2017 சட்டம் இருக்கு, ஓசூர் தாண்டினா செல்லும், நம்ம பக்கம் அப்படி தனிச்சட்டம் இல்ல. அதனால மனுவுல மிரட்டல், தண்ணி மறுத்தது, அடிச்சிருந்தா அது, இதையெல்லாம் தெளிவா எழுதுங்க.

ராத்திரி கூட்டம் சேர்ந்தா பேசி சமாளிக்க நிக்காதீங்க, 112 அடிச்சிட்டு பிள்ளைங்களோட சொந்தக்காரங்க வீட்டுக்கு கிளம்பிடுங்க.