பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்தால் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பெரும்பாலும் ஆமாம். நானும் டாக்டரிடம் முதலில் இதைத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு மூன்றே மாதத்தில் நிறுத்தியும் பார்த்தேன்.

ஆரம்பத்தில் மலத்தோடு ரத்தமும் சளியும் வந்தது. ஆச்சி, "ஏல, ஒடம்புச் சூடுதாம்ல, மோர்ல வெந்தயம் போட்டுக் குடி" என்றாள். நான் மூலம் என்று முடிவு கட்டி லேகியம் தின்றேன். ஐந்து மாதம் வீணாகப் போனது. மூலத்தில் பெரும்பாலும் ரத்தம் தனியாகச் சொட்டும். இதில் மலத்தோடு கலந்து வரும், போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருப்பது போலவே முக்க வைக்கும், நடுராத்திரியிலும் எழுப்பும். அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி திருநெல்வேலி ஜங்ஷன் போவதற்குள் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று எந்த ஊரில் எங்கே கக்கூஸ் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம்.

பாளையங்கோட்டையில் கொலோனோஸ்கோப்பி செய்து, அதாவது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்து, துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். அமீபாவும் குடல் காசநோயும் இதே மாதிரி காட்டும் என்பதால் அதையெல்லாம் பார்த்துத் தள்ளிய பிறகுதான் பெயர் வைத்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறும். காரம் தின்றதால் வருகிற வியாதி இல்லை.

மருந்து மெசலமைன். மாத்திரை ஒன்று, ஆசனவாயில் வைப்பது ஒன்று. கூச்சப்பட்டு இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். புண் மலக்குடலோடு நின்றிருந்தால் அதுதான் கூடுதலாக வேலை செய்யும். ராத்திரி பழைய துண்டை விரித்து இடப்பக்கம் சாய்ந்து படுத்து எனிமா போட்டுக்கொள்வேன். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ரத்தம் நின்றது, நானும் மாத்திரையை நிறுத்தினேன். மாமா மகள் கல்யாணம், மறுவீட்டுப் பந்தி. இலையில் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் விழுந்த நேரத்தில் எழுந்து ஓடினேன். வீட்டில் பழி சொதி மேல் விழுந்தது, பாவம்! இந்தத் தடவை மெசலமைன் மட்டும் போதவில்லை. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், முகம் பணியாரம் மாதிரி உப்பியது. அது நோயை அடக்க மட்டுமே. வருஷக்கணக்கில் சாப்பிடவும் கூடாது, சட்டென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோப்ரின் மாத்திரை. அது பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், ரத்த அணுக்களை அவ்வப்போது சோதிக்க வேண்டும். அதற்கும் கேட்காதவர்களுக்கு இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள் உண்டு, போடுமுன் காசநோய் பரிசோதனை கட்டாயம். எதற்கும் அடங்காவிட்டால் பெருங்குடலையே அறுவை செய்து எடுப்பார்கள்.

இப்போது சொதி நன்றாகவே சாப்பிடுகிறேன். கைகால் வலி என்று கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டேன், அது நோயைக் கிளப்பிவிடலாம். நோய் தொடங்கி எட்டு வருஷம் ஆனால் புற்றுநோய்க்காக மறுபடி கொலோனோஸ்கோப்பி பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அது அடுத்த வருஷம். குழாயை நினைத்துக்கூடப் பயமில்லை. முந்தின நாள் குடிக்கச் சொல்லும் அந்தப் பேதி மருந்தை நினைத்தால்தான் இப்போதே வாய் கசக்கிறது.