கேள்வி பதில்: கப்பலிலிருந்து கடலடிக்கு இறங்கும் குழாய்

கடலுக்கு அடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு எரிவாயுக் குழாய் போடுகிறார்களே, அவ்வளவு நீளக் குழாயைக் கப்பலில் எப்படி ஏற்றுவார்கள்? இரும்பு எப்படி ஒடியாமல் வளைந்து கீழே போகிறது?
– வாசகர், காசிமேடு

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கட்டட வேலைக்குக் கம்பி ஏற்றிப்போகும் மீன்பாடி வண்டியைப் பார்த்திருப்பீர்கள். 40 அடிக் கம்பி பாதிக்கு மேல் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு, நுனியில் சிவப்புத் துணியோடு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அதே கம்பியில் ஒரு முழம் வெட்டிக் கையில் கொடுத்தால் உங்களால் வளைக்க முடியாது. நீளம் கூடினால் எந்த இரும்பும் தொய்யும். கடல் குழாயின் ஒரு துண்டும் ஏறக்குறைய அதே 40 அடி, 12 மீட்டர்தான். பல துண்டுகள் சேர்ந்து கப்பலுக்கும் கடலடித் தரைக்கும் நடுவில் பல நூறு மீட்டர் தொங்கும்போது அது கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் குழாயை வளைப்பது கஷ்டமே இல்லை, அளவுக்கு மேல் வளையவிடாமல் பிடித்து வைப்பதுதான் கஷ்டம்.

ஏற்றுவது துண்டு துண்டாகத்தான். குழாய் பதிக்கும் கப்பல் ஒரு மிதக்கும் பட்டறை. வேறு கப்பல்கள் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கும், உள்ளே வரிசையாக வெல்டிங் இடங்கள், ஒரு இடத்தில் அடி வெல்டு, அடுத்ததில் அதன் மேல் நிரப்பு, கடைசியில் அல்ட்ராசவுண்டு வைத்து வெல்டுக்குள் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, இணைப்பின் மேல் பூச்சும் போட்டதும் கப்பல் ஒரு குழாய் நீளம் முன்னே நகரும், அதே அளவு குழாய் பின்னால் கடலுக்குள் போகும். பின்பக்கம் உருளைகள் வைத்த ஒரு நீண்ட சட்டம் சாய்வாக இறங்கியிருக்கும், அதற்குப் பெயர் ஸ்டிங்கர். குழாய் அதன் மேல் ஒரு முறை கீழ்நோக்கி வளையும், தரைக்குப் பக்கத்தில் இன்னொரு முறை எதிர்ப்பக்கமாக வளைந்து படுக்கும். எஸ் வடிவம், அதனால் எஸ்-லே ('லே' என்றால் பதிப்பது).

மொட்டை மாடிக் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டினால் தொய்வு குறையும், தளர்த்தினால் கூடும் அல்லவா? இங்கே இழுத்துப் பிடிப்பது டென்ஷனர் என்ற இயந்திரம். ரப்பர் பட்டைகள் பதித்த சங்கிலிகளால் குழாயை இருபக்கமும் கவ்விக்கொள்ளும். அந்தப் பிடி தளர்ந்தால் அடிவளைவு கூர்மையாகி, பப்பாளி இலைக் காம்பை மடக்கினால் எப்படி நசுங்குமோ அப்படிக் குழாய் நசுங்கும். நசுங்கிய இடம் கிழிந்து தண்ணீர் ஏறிவிட்டால் எடை கூடிக் கப்பலையே கீழே இழுக்கப் பார்க்கும். இந்த வேலையில் இருப்பவர்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

ஆழம் கூடக்கூட மேல்வளைவு தொல்லை தரும். அதையே எடுத்துவிட்டால்? கப்பலில் ஒரு கோபுரம் நட்டு, குழாயைக் கிட்டத்தட்ட செங்குத்தாக இறக்கினால் தரையில் ஒரே ஒரு வளைவு மட்டும் மிஞ்சும். ஜே எழுத்து வடிவம், அதனால் இது ஜே-லே. கோபுரத்தில் வெல்டிங்குக்கு ஒரே இடம்தான் என்பதால் வேலை மெதுவாக நடக்கும், அதை ஈடுகட்ட முன்கூட்டியே நான்கு துண்டுகளை இணைத்து நீளமாக ஏற்றுவார்கள். கருங்கடலில் 2,150 மீட்டர் ஆழம் வரை போகும் 'புளூ ஸ்ட்ரீம்' குழாயின் ஆழ்கடல் பகுதியை 'சைப்பெம் 7000' கப்பல் இப்படித்தான் போட்டது. ஆழம் என்றாலே ஜே-லேதான் என்று எண்ணிவிடாதீர்கள். அதே கருங்கடலில் 'டர்க்ஸ்ட்ரீம்' குழாயை 2,200 மீட்டர் ஆழத்தில் 382 மீட்டர் நீளமுள்ள 'பயனீரிங் ஸ்பிரிட்' எஸ்-லே முறையிலேயே பதித்தது.

மூன்றாவது முறை ரீல். குழாயைக் கரையிலேயே வெல்டு செய்து, கப்பலில் இருக்கும் ராட்சத உருளையில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு போய், கடலில் நிமிர்த்திக்கொண்டே இறக்குவார்கள். 'யு' மாதிரி மடித்து வந்த கம்பியைக் கம்பி கட்டுபவர் தட்டி நிமிர்த்துகிறாரே, அதே சங்கதிதான். 1944-ல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் பிரான்ஸுக்கு எரிபொருள் அனுப்ப 3 அங்குல இரும்புக் குழாயை மிதக்கும் உருளைகளில் சுற்றி இழுத்துப்போனார்கள், இந்த முறைக்கு அதுதான் முன்னோடி. வேகம் அதிகம், ஆனால் பெரிய விட்டக் குழாய்க்கு ஒத்துவராது.

குழாய்க்கு மேல் கான்கிரீட் பூசுவது துருப்பிடிக்காமல் இருக்கவா?
– வாசகி, வண்ணாரப்பேட்டை

இல்லை, மூழ்குவதற்கு! வெறும் குடம் மிதக்கிறதே, அதுதான் காரணம். 1 மீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாயைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு இரும்பின் எடை சுமார் 600 கிலோ, அது ஒதுக்கும் கடல்நீரோ சுமார் 800 கிலோ. உள்ளே போகும் எரிவாயுவின் எடையும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது, அதனால் அந்த இரும்புக் குழாய் மிதந்துகொண்டே இருக்கும். கான்கிரீட் உறை அந்த எடையைத் தருகிறது, வலையோ நங்கூரமோ பட்டால் கொஞ்சம் அடியும் தாங்கும். துருவைத் தடுக்க அதற்குக் கீழே வேறு பூச்சு உண்டு, கூடவே இரும்புக்குப் பதிலாகத் தானே அரிபட்டுப்போகும் துத்தநாக அல்லது அலுமினிய வளையங்களும் பொருத்துவார்கள்.

நெம்மேலி மாதிரி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கும் இதே மாதிரி கப்பல் வருமா?
– வாசகர், திருவான்மியூர்

பொதுவாகத் தேவைப்படாது. இது கரைக்குப் பக்கத்து வேலை, உள்ளே அழுத்தமும் குறைவு. கடல்நீர் இரும்பை அரித்துவிடும் என்பதால் இந்த மாதிரி வேலைக்குப் பெரும்பாலும் எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்தான் போடுகிறார்கள். அது தண்ணீரைவிட லேசு, தானே மிதக்கும். கான்கிரீட் கட்டைகளை இரண்டு பாதியாக வைத்து போல்ட் போட்டுக் குழாயைச் சுற்றிக் கட்டி, இரு முனையையும் அடைத்து, காற்று இல்லாத நாளாகப் பார்த்து டக் என்ற இழுவைப் படகில் கட்டி இழுத்துப் போவார்கள். இடம் வந்ததும் கரைப்பக்க முனையில் தண்ணீரை விட்டு, கடல்பக்க முனையில் காற்றைத் திறப்பார்கள். கரையிலிருந்து தொடங்கி குழாய் மெல்ல மெல்ல உட்காரும், கடல்பக்க முனையை டக் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். இதில் காற்று வால்வுதான் பிரேக். அதை அவசரப்பட்டுத் திறந்தால் குழாய் தடாலென்று இறங்கி மடங்கிவிடும், பல நாள் உழைப்பு அங்கேயே போகும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது, ஒரு வால்வைத் திருகும் கை அத்தனை டன்னையும் இறக்கி வைக்கிறது.

பாதி வேலையில் புயல் வந்தால்?
– வாசகர், எண்ணூர்

குழாயின் வாயை மூடியோடு வெல்டு செய்து, கம்பிவடத்தில் கோத்து, இழுவை குறையாமல் கடலடியில் இறக்கி வைத்துவிட்டுக் கப்பல் ஒதுங்கிவிடும். கடல் அடங்கியதும் வந்து அதே முனையைத் தூக்கி விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

என் மகன் ஐடிஐயில் வெல்டிங் படித்திருக்கிறான். இந்தக் கப்பல்களில் வேலை கிடைக்குமா?
– வாசகி, மாதவரம்

கிடைக்கலாம் அம்மா, ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றி வெல்டு செய்யும் தேர்வுக்கு 6ஜி என்று பெயர், முதலில் அதில் கை பழகட்டும். பெரிய கப்பல்களில் முக்கிய வெல்டை இயந்திரங்களே போடுகின்றன என்றாலும், பழுது பார்க்கவும் கடைசி இணைப்புகளுக்கும் நல்ல கை தேவைப்படுகிறது. கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சியும் வேண்டும். அப்புறம் ஒன்று: ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால், அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவர்தானா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.