எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன்: ஆம்பை முடிவு செய்த பிறகே ஹெட்போன்

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன்களைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, எந்த ஹெட்போனை வாங்கலாம் என்றே தொடங்குகின்றன. அதை எந்த ஆம்பில் (ஹெட்போனை இயக்கும் ஆம்ப்ளிஃபையரில்) இணைக்கப் போகிறீர்கள் என்பது தெரியாமல் அதற்கு விடை சொல்ல இயலாது. இந்த வகையில் ஹெட்போனும் ஆம்பும் சேர்ந்தே ஒரு கருவி. ஆகவே மின்சாரம் தொடர்பான கேள்விகளை முன்னால் வைத்திருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் விலை உயர்ந்த ஹெட்போன் ஆம்ப் ஒன்று இருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றி, ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் செய்யும் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனை அதில் செருக முடியாதா?

முடியாது. சாதாரண ஹெட்போனில் காந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாய்வதால் ஒலி பிறக்கிறது. அதற்குச் சில வோல்ட் போதும். எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனில் சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. ஓரிரு மைக்ரான் தடிமனே உள்ள ஒரு பிளாஸ்டிக் படலம், ஸ்டேட்டர் எனப்படும் துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்தப் படலத்துக்கு பயாஸ் என்ற மாறாத உயர் மின்னழுத்தம் தரப்படும். இசைக்கான மின்னழுத்தம் இரு தகடுகளுக்கும் எதிரெதிராகப் போகும். ஒரு தகடு படலத்தை இழுக்க, மற்றது தள்ள, படலம் முழுவதும் ஒரே சீராக அசைகிறது. இந்த ஒலியின் தெளிவுக்கு அதுவே அடிப்படை.

படலத்தின் மீதான விசை, பயாஸையும் இசை மின்னழுத்தத்தையும் பெருக்கினால் வரும் அளவைப் பொறுத்தது. உங்கள் ஆம்பில் பயாஸே கிடையாது. அது தரக்கூடிய சுமார் பத்து வோல்ட்டும் இங்கே எடுபடாது. டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றித் தரும் உங்கள் டாக்கை (DAC) மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஸ்டாக்ஸ் ஆம்ப்கள் பொதுவாக உள்ளீட்டை ஆயிரம் மடங்கு பெருக்குபவை, 0.1 வோல்ட் கொடுத்தால் 100 வோல்ட் வெளிவரும். 2 வோல்ட் தரும் எந்த டாக்கும் அதற்குத் தாராளம். உண்மையில் சற்று மிகுதி என்பதால், ஒலியளவுக் குமிழ் தொடக்க நிலையிலேயே நிற்கும். பல குமிழ்களில் அந்த இடத்தில் இடமும் வலமும் சமமாக இருப்பதில்லை. அப்படி இருந்தால் டாக்கின் வெளியீட்டை 10 டெசிபல் குறைத்துவிட்டு, குமிழை நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: ஒரு ஆம்ப் 280 வோல்ட் தரும் என்கிறார்கள், இன்னொன்று 400, மற்றொன்று 470. எனக்கு எவ்வளவு வேண்டும்?

இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-009எஸ் ஹெட்போனின் உணர்திறன், 100 வோல்ட்டுக்கு 101 டெசிபல். இசையைச் சராசரியாக 80 டெசிபலில் கேட்கிறீர்கள் என்று கொள்வோம். அது 101க்கு 21 டெசிபல் கீழே. அதற்குத் தேவை ஏறத்தாழ 9 வோல்ட். இசையின் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபல் மேலே, அதாவது மின்னழுத்தத்தில் பத்து மடங்கு எழுந்தாலும் 90 வோல்ட்டில் கணக்கு முடிந்துவிடுகிறது. நுழைவு நிலை ஆம்பான எஸ்ஆர்எம்-252எஸ் 280 வோல்ட் வரை தரும். அதாவது 110 டெசிபல் வரை போகும். எஸ்ஆர்எம்-353எக்ஸின் 400 வோல்ட்டில் 113 டெசிபல். எஸ்ஆர்எம்-டி8000 தரும் 470 வோல்ட், அதற்கு மேல் ஒன்றரை டெசிபலைக்கூடச் சேர்ப்பதில்லை. சத்தத்துக்காக மட்டும் பெரிய ஆம்ப் வாங்கத் தேவையில்லை என்று இதிலிருந்து உறுதியாகச் சொல்லலாம்.

அப்படியானால் பெரிய ஆம்ப்கள் எதற்கு? மின்னோட்டத்துக்கு. மின்சாரத்தின் கண்ணுக்கு இந்த ஹெட்போன் ஒரு சிறு மின்தேக்கி. கேபிளையும் சேர்த்து 110 பிகோஃபாரட் அளவு. மின்னோட்டத்துக்கு இது காட்டும் எதிர்ப்பான மின்மறுப்பு, அதிர்வெண் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். 10 கிலோ ஹெர்ட்ஸில் 145 கிலோ ஓம், 20 கிலோ ஹெர்ட்ஸில் அதில் பாதி. 20 கிலோ ஹெர்ட்ஸில் 400 வோல்ட்டை நிறுத்திப் பிடிக்க ஐந்தரை மில்லி ஆம்பியர் வேண்டும். எண் சிறிதுதான். ஆனால் அத்தனை உயர் மின்னழுத்தத்தில் அதைத் தடுமாறாமல் தருவதற்கு வெளியீட்டுப் பகுதி சும்மா இருக்கும்போதே கணிசமான மின்னோட்டத்தில் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்; வெப்பம் வரும், பெட்டி கனக்கும், விலை ஏறும். சில பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்களில் வெளியீட்டு வால்வுக்குச் சுமையாக ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். கிடைக்கும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த ரெசிஸ்டரிலேயே வீணாகிவிடும். கெவின் கில்மோர் வடிவமைத்து ஹெட்ஆம்ப் நிறுவனம் விற்கும் ப்ளூ ஹவாயில் இஎல்34 வால்வுகளுக்கு, ரெசிஸ்டருக்குப் பதிலாக மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும் சுற்று அமைந்திருக்கிறது. கைத்தாளத்தின் உலோக ஒலியும் வயலின் வில்லின் உரசலும் ஒருசேர வரும் இடங்களில் அந்த வேறுபாடு காதுக்குத் தெரியும். நீட்டிப்புக் கேபிளும் மின்தேக்குதிறனைக் கூட்டி இதே சுமையை ஏற்றுகிறது. எனவே, இடம் இல்லை என்பதற்காக ஆம்பை அறையின் மறுகோடியில் வைக்காமல், டாக்கிலிருந்து ஆம்புக்கு வரும் கேபிளை நீளமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ஸ்டாக்ஸ் ஒன்று விற்பனைக்கு வருகிறது. ஆறு பின், ஐந்து பின் என்கிறார்களே, என்ன வேறுபாடு?

ஆறு பின் என்றால் 230 வோல்ட் பயாஸில் இயங்கும் பழைய நார்மல் வகை. ஐந்து பின் என்றால் 580 வோல்ட்டில் இயங்கும் ப்ரோ வகை. ஐந்து பின் பிளக் ஆறு துளை சாக்கெட்டில் பொருந்திவிடும். ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் பயாஸ் குறைவதால் ஒலி 8 டெசிபல் தாழ்ந்து, உயிரில்லாமல் கேட்கும். பலர் இப்படிக் கேட்டுவிட்டு ஹெட்போன் பழுது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆறு பின் பிளக்கின் நடுப்பின், ப்ரோ சாக்கெட்டில் அதை நுழையவிடாது. அந்தப் பின்னை வெட்டிச் செருகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது 580 வோல்ட்டுக்காக அமைக்கப்பட்ட படலம் அல்ல.

கேள்வி: கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகளையே பெரும்பாலும் கேட்கிறேன். எந்த ஸ்டாக்ஸ் பொருந்தும்?

முதலில் உங்கள் அறையைப் பாருங்கள். இவை எல்லாமே திறந்த முதுகு கொண்டவை; வெளி ஓசையைத் தடுப்பதில்லை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால், தம்புராவின் நான்கு தந்திகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து எழும் அந்த மெல்லிய ரீங்காரத்தின் பாதியை அது விழுங்கிவிடும். அமைதியான அறைக்குச் செய்யும் செலவு, அடுத்த விலைப்படியில் உள்ள ஹெட்போனுக்குச் செய்யும் செலவைவிடப் பயன் தரும்.

அறை அமைந்துவிட்டால் எஸ்ஆர்-எல்700 என் முதல் பரிந்துரை. 1979இல் வந்த ஸ்டாக்ஸின் லாம்டா ஹெட்போனின் நீள்வட்ட வடிவம்தான் இதற்கும். குரலை முன்னால் நிறுத்தும். பிருகாக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக விழும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தரும் கும்கி உங்களுக்கு முக்கியம் என்றால், 1998இல் வெளிவந்த எஸ்ஆர்-007 வரிசை இன்னும் நிறைவளிக்கும். அதன் ஒலி சற்று இருண்டது, கனமானது. ஆனால் அதற்கு ஈடுகொடுக்கும் ஆம்ப் இல்லாவிட்டால் மந்தமாகிவிடும் என்பதால், சிறிய ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே மாட்டேன். 2011இல் வந்த எஸ்ஆர்-009, அதன் பின் வந்த 009எஸ் ஆகியவை நுணுக்கங்களை வெளிப்படுத்துவதில் வல்லவை. அதே வல்லமையால் பழைய வானொலிப் பதிவுகளின் இரைச்சலையும், மைக் அருகே பாடகர் மூச்சு இழுப்பதையும் ஒளிவுமறைவின்றி முன்னால் கொண்டுவந்து வைக்கும். உங்கள் சேகரிப்பில் பாதிக்கு மேல் அத்தகைய பதிவுகள் என்றால் 009எஸ் உங்களுக்கு உகந்ததன்று. 2021இல் வந்த எஸ்ஆர்-எக்ஸ்9000 007இன் கனத்தையும் 009இன் நுணுக்கத்தையும் ஒருவாறு இணைக்கிறது, விலைதான் தடை.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் ஹெட்போனை வேறு நிறுவனத்தின் ஆம்பில் போடலாமா?

பயாஸும் பிளக்கும் ஒத்துப்போனால் போடலாம். அமெரிக்காவின் கோஸ் நிறுவனம் தரும் இஎஸ்பி/950, 600 வோல்ட் பயாஸுக்கானது. பிளக் வேறு என்பதால் ஒரு மாற்றுக் கேபிள் தேவை. 580 வோல்ட்டில் இயக்கினால் குறைவது கால் டெசிபல் அளவே. ஆடிஸியின் சிஆர்பிஎன் ஸ்டாக்ஸ் ப்ரோ சாக்கெட்டுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. மாறாக, சென்ஹைசரின் எச்இ 1, வார்விக் அகூஸ்டிக்ஸின் அப்பீரியோ ஆகியவை தத்தம் ஆம்போடு மட்டுமே இயங்கும் முழுத் தொகுப்புகள். அப்பீரியோவின் பயாஸ் 1800 வோல்ட். வேறு எதனோடும் அதைச் சேர்த்துப் பார்க்க முயல வேண்டாம்.

கேள்வி: ஜப்பானிலிருந்து 100 வோல்ட் ஆம்ப் வரவழைக்கிறேன். கடையில் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான் கிடைக்கிறது. போதுமா?

போதாது. நம் ஊரில் 230 என்பது பெயரளவே; இரவில் 250 வரை ஏறும் தெருக்கள் உண்டு. அப்போது 230இலிருந்து 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஏறக்குறைய 120 வோல்ட் தரும். 100 வோல்ட் கருவிக்கு அது ஐந்தில் ஒரு பங்கு மிகுதி. உள்ளே ஏற்கெனவே சூடாக இயங்கும் பகுதிகள் இதைத் தாங்கிக்கொண்டே ஆயுளை இழக்கும். 230க்கு 100 என்று சொல்லிச் சுற்றித் தரும் கடைகள் பெரிய ஊர்களில் உண்டு. இரும்பு உள்ளகம் கொண்டதாக, ஆம்பின் பின்புறம் எழுதியிருக்கும் வாட் அளவைப் போல இரு மடங்கு திறனுள்ளதாகச் செய்து வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசரும், ஒழுங்கான எர்த்தும் இருக்கட்டும். ஹேர் டிரையருக்கென விற்கும், கையில் எடையே தெரியாத மின்னணு கன்வெர்ட்டர்களைத் தொட வேண்டாம். 50 ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலை இல்லை. டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60 என்று ஜப்பானிலேயே இரண்டும் இருப்பதால் அங்குள்ள கருவிகள் இரண்டுக்கும் ஏற்றவை.

கேள்வி: தலையில் 580 வோல்ட்டை மாட்டிக்கொள்வது ஆபத்து இல்லையா?

பயாஸ் மின்சாரம் பல மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகவே படலத்துக்குப் போகிறது. 5 மெகா ஓம் என்று கொண்டால், முழுமையாக ஷார்ட் ஆனாலும் 0.12 மில்லி ஆம்பியர்தான் பாயும். ஸ்டேட்டர்களுக்குப் போகும் இசை மின்னழுத்தத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. எனவே உறை கிழிந்த கேபிளையோ உடைந்த பிளக்கையோ பயன்படுத்தாதீர்கள். ஆம்பின் உட்புறம் இன்னும் ஆபத்தானது. மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அங்குள்ள பெரிய மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். அது உயிரைப் பறிக்கப் போதுமானது. பயிற்சி இல்லாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது.

கேள்வி: கடற்கரை ஊரில் இருக்கிறேன். சில மாதங்களாக ஒரு பக்கம் ஒலி குறைந்து வருகிறது. ஹெட்போன் போய்விட்டதா?

உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். குறைவு அதே காதில் நின்றால் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹெட்போனோடு சேர்ந்து மறுகாதுக்குப் போனால், ஆம்பின் பின்னால் உள்ள இரு உள்ளீட்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள். குறைவும் இடம் மாறினால் பழுது டாக்கிலோ வயரிலோ இருக்கிறது. மாறாமல் நின்றால் ஆம்ப் அல்லது ஹெட்போன். வேறொரு ஹெட்போனை அதே ஆம்பில் செருகினால் எது என்று தெரிந்துவிடும்.

ஹெட்போன்தான் என்றால், கடலோர ஊரில் ஈரப்பதத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஈரமும் தூசும் சேர்ந்தால் படலத்தில் நிற்க வேண்டிய மின்னேற்றம் மெல்லக் கசிந்து, அந்தப் பக்கம் தணிந்துவிடும். சில வேளைகளில் கீச்சென்ற ஓசையும் வரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, பிறகு இசை எதுவும் ஓட்டாமல் ஆம்பில் செருகிச் சில மணி நேரம் மின்னேற்றம் ஏறவிடுங்கள். பல ஹெட்போன்கள் இதிலேயே தேறிவிடும். மாட்டும்போது காதுப்பஞ்சு அழுந்தி 'பட்'டென்று ஓர் ஓசை வந்தால் அது வேறு விஷயம்; அடைபட்ட காற்று படலத்தை ஒரு கணம் ஸ்டேட்டரோடு ஒட்டச் செய்வதால் எழுவது, எஸ்ஆர்-007இல் மிகவும் சாதாரணம். உலர்த்திய பிறகும் பக்கங்கள் சமமாகவில்லை என்றால் சேவை மையத்துக்கு அனுப்புங்கள். வாக்வம் கிளீனரை வைத்து உறிஞ்சுவதும், கம்ப்ரஸரில் காற்று அடிப்பதும் மைக்ரான் தடிமனுள்ள படலத்தை ஒரே நொடியில் கிழித்துவிடும்.